வாய்க்குப் போகும் பலகை

ஏ4 தாளைப் படுக்கைவாட்டில் வைத்தால் என்ன அளவோ, ஏறத்தாழ அந்த அளவுதான் அந்தப் படம். மலைபோல ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். உச்சந்தலை குறுகி, கன்னமும் தாடையும் பருத்துத் தொங்குகின்றன. திறந்த வாயிலிருந்து நீண்ட பலகை ஒன்று சரிவாகத் தரைவரை இறங்குகிறது. அதன் மேல் எறும்புச் சாரைபோல் ஆட்கள் கூடை சுமந்து ஏறுகிறார்கள். கூடை நிறையக் காசு. உச்சிக்குப் போனவர் கூடையை அந்த வாய்க்குள் கவிழ்க்கிறார். ராட்சசன் உட்கார்ந்திருப்பது சிம்மாசனம்போலத் தோன்றினாலும் அது மலங்கழிக்கும் நாற்காலி. அதன் அடியிலிருந்து பதவி நியமனங்களும் பிரபுப் பட்டங்களும் விருதுகளும் விழுகின்றன. நல்ல உடை உடுத்த கனவான்கள் கீழே நின்று அவற்றைப் பொறுக்குகிறார்கள்.

படத்தின் பெயர் ‘கர்கன்துவா’. வரைந்தவர் ஒனொரே தோமியே, அப்போது 23 வயது. காலம் 1831 டிசம்பர். ராட்சசன் பிரான்ஸ் மன்னர் லூயி பிலிப் என்பது பாரிஸ் தெருவில் போகிற எவருக்கும் தெரிந்தது.

நான் இதை முதன்முதலில் பார்த்தது ஒரு கலை வரலாற்று நூலில், தீப்பெட்டி அளவில். அன்று என் கண்ணில் பட்டது அந்த வயிறும் வாயும்தான். பல ஆண்டுகள் கழித்துக் கணினித் திரையில் பெரிதாக்கிப் பார்த்தபோது, பார்க்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டேன் என்று புரிந்தது. பலகையின் அடிவாரத்தைப் பாருங்கள். கந்தல் உடுத்த ஏழைகள் அங்கே கூடியிருக்கிறார்கள். உடல் நலிந்தவர் ஒருவர். கைக்குழந்தையோடு ஒரு தாய். கூடையில் விழும் காசு அவர்களுடையது. கூடைகளிலிருந்து சிந்துவதைப் பொறுக்க, பலகையின் கீழேயே இன்னொரு கூட்டம் நிற்கிறது. பின்னணியில் நாடாளுமன்றக் கட்டடம். பட்டம் கிடைத்தவர்கள் அந்தப் பக்கம் போகிறார்கள். ஏழையின் மடியில் தொடங்கி நாடாளுமன்ற வாசலில் முடியும் ஒரு பாதை இது. நடுவில் இருக்கும் மன்னர் அந்தப் பாதை கடந்து போகும் ஒரு குடல்.

தமிழில் பொதுப்பணத்தைத் ‘தின்றார்கள்’ என்கிறோம், ‘விழுங்கினார்கள்’ என்கிறோம், முழுசாக முடித்துவிட்டால் ‘ஏப்பம் விட்டார்கள்’ என்கிறோம். நம் பேச்சு ஏப்பத்தோடு நின்றுவிடுகிறது. தோமியே நிற்கவில்லை. தின்றது எங்கே போகிறது, என்னவாகிறது, அதை யார் கை நீட்டி வாங்குகிறார்கள் என்பதுவரை போகிறார். ஊழலைத் தனிமனிதப் பேராசையாகக் காட்டும் படங்கள் ஆயிரம் உண்டு. ஒரு ஆட்சி எப்படிச் செரிக்கிறது என்று காட்டும் படம் அரிது. ‘கர்கன்துவா’வை நான் மேலானதாக நினைப்பது அதனால்தான்.

பெயர் பிரெஞ்சு எழுத்தாளர் ரபலேயிடமிருந்து வந்தது. 16ஆம் நூற்றாண்டில் அவர் எழுதிய கர்கன்துவா வாசகர்கள் நேசித்த ராட்சசன். அவன் தின்பதிலும் குடிப்பதிலும் ஒரு திருவிழாக் களிப்பு இருந்தது. தோமியே பெயரையும் பசியையும் எடுத்துக்கொண்டு களிப்பை விட்டுவிட்டார். இந்தப் படத்தில் யாரும் சிரிக்கவில்லை.

அந்த மாதங்களில் பிரான்சில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று தெரிந்தால் படத்தின் சூடு பிடிபடும். 1830 ஜூலை 27, 28, 29 ஆகிய மூன்று நாட்கள் பாரிஸ் மக்கள் தெருவில் தடையரண் எழுப்பிப் போராடிப் பத்தாம் ஷார்ல் மன்னரை விரட்டினார்கள். அந்தக் கிளர்ச்சிக்கு உடனடிக் காரணமே பத்திரிகைகளின் வாயைக் கட்ட வந்த அவசர ஆணைகள்தான். ஆகஸ்டில் அரியணை ஏறிய லூயி பிலிப் ‘பிரெஞ்சு மக்களின் மன்னர்’ என்று பெயர் சூட்டிக்கொண்டார். புதிய சாசனத்தின் 7ஆம் பிரிவு, பிரெஞ்சுக்காரர் தம் கருத்துகளை அச்சிட்டு வெளியிடலாம், தணிக்கை இனி ஒருபோதும் திரும்பாது என்று உறுதி தந்தது. ஆனால் வாக்குரிமை ஆண்டுக்கு 200 பிராங்க் நேரடி வரி கட்டுபவர்களுக்கு மட்டுமே. மூன்று கோடிக்கு மேல் மக்கள் வாழ்ந்த நாட்டில் வாக்காளர்கள் இரண்டு லட்சத்தை எட்டவில்லை. பலகையின் அடியில் நிற்பவர்கள் கூடையில் காசு போடலாம். பலகை வேண்டுமா என்று சொல்லும் உரிமை அவர்களுக்கு இல்லை.

1831 நவம்பரில் லியோன் நகரத்துப் பட்டு நெசவாளர்கள் எழுந்தார்கள். கூலிக்கு ஒரு குறைந்தபட்ச விகிதம் பேசி முடிக்கப்பட்டிருந்தது. முதலாளிகளில் பலர் அதை ஏற்க மறுத்தார்கள். பாரிஸ் அரசும் அதைக் கைவிட்டது. நெசவாளர்கள் நகரத்தையே சில நாட்கள் தம் கையில் வைத்திருந்தார்கள். டிசம்பர் தொடக்கத்தில் படை புகுந்து அதை மீட்டது. இதே வாரங்களில் பாரிஸில் வாதிடப்பட்ட பொருள், மன்னருக்கு ஆண்டுதோறும் அரசுக் கருவூலம் தர வேண்டிய மானியம். 1 கோடியே 80 லட்சம் பிராங்க் என்ற தொகை அடிபட்டது. முடிசூடுவதற்குச் சற்று முன்புதான் லூயி பிலிப் தன் பெருஞ்சொத்தை, அது நாட்டுச் சொத்தோடு சேர்ந்துவிடாதபடி, பிள்ளைகள் பெயருக்கு மாற்றியிருந்தார். கொர்மெனேன் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் மானியத்தைக் கணக்குப் போட்டுக் கிழித்துத் துண்டுப் பிரசுரங்கள் எழுதினார். கடைசியில் 1832 மார்ச்சில் தொகை 1 கோடியே 20 லட்சமாக நிர்ணயமானது. கொர்மெனேன் எண்களால் சொன்னதை தோமியே ஒரு பலகையால் சொன்னார்.

அவருக்கு அந்த வேகத்தைத் தந்தது கல். கல்லச்சு என்று நம் பழைய அச்சகத்தார் சொன்ன அதே தொழில். 18ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் பவேரியாவில் அலோயிஸ் ஸெனஃபெல்டர் கண்டுபிடித்தது. எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்ற அடுப்பங்கரை அறிவுதான் அதன் அடிப்படை. நன்றாக வழவழப்பாக்கிய சுண்ணாம்புக்கல்லில், கொழுப்புக் கலந்த கறுப்புக் கட்டியால் ஓவியர் தன் கையாலேயே வரைவார். அமிலம் சேர்த்த கோந்துக் கரைசலைப் பூசி அதைப் பதப்படுத்துவார்கள். பிறகு கல்லை நனைத்து மை உருளையை ஓட்டினால் கோடு மையைப் பிடித்துக்கொள்ளும், ஈரமான வெற்றிடம் தள்ளிவிடும். தாளை வைத்து அழுத்தினால் படம். செம்புத் தகட்டில் செதுக்குவதுபோல் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டாம், இன்னொருவர் கை நடுவில் வேண்டாம். திங்கள்கிழமைக் கோபம் வியாழக்கிழமைக்குள் கடைக்கு வந்துவிடும். வேலை முடிந்ததும் கல்லைத் தேய்த்து அழித்து அடுத்த படத்துக்குப் பயன்படுத்துவார்கள். அழிப்பது அவ்வளவு சுலபம் என்பது காவல்துறைக்கும் தெரியும்.

வெரோ-தொதா என்ற கூரைவேய்ந்த கடைவீதியில் இருந்த ஓபேர் நிறுவனம்தான் அந்தக் காலத்துக் கேலிப்படங்களின் சந்தை. அதை நடத்தியவர்களில் மூளையாக இருந்தவர் ஷார்ல் பிலிபோன். 1830 நவம்பரில் ‘லா கரிகத்யூர்’ வார இதழையும், 1832 டிசம்பரில் ‘லெ ஷரிவரி’ நாளிதழையும் தொடங்கியவர். இதழுக்குச் சந்தா கட்ட வசதி இல்லாதவர்கள் ஓபேர் கடையின் கண்ணாடி ஜன்னல் முன் நின்று இலவசமாகப் பார்த்துவிட்டுப் போவார்கள். எழுத்து தெரியாதவரும் நிற்பார். தெரிந்தவர் அவருக்கு வாசித்துச் சொல்வார். த்ராவியெஸ் என்ற ஓவியர் 1831 டிசம்பரில் அந்தக் கூட்டத்தையே ஒரு படமாக வரைந்திருக்கிறார். புத்தகத்தைத் தனியாகப் படிக்கிறோம். ஜன்னல் படத்தை முன்பின் தெரியாத பத்துப் பேர் தோளோடு தோள் உரசிப் பார்க்கிறார்கள், ஒரே நேரத்தில் புரிந்துகொள்கிறார்கள். அரசு அஞ்சியது இந்த ஒரே நேரத்தைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

‘கர்கன்துவா’ எந்த இதழிலும் வெளியாகவில்லை. ஜன்னலில் வைக்கப்பட்ட படிகளைக் காவலர்கள் பறித்தார்கள். கல்லையும் எஞ்சிய தாள்களையும் அழிக்க உத்தரவாயிற்று. 1832 பிப்ரவரி 23 அன்று தோமியேக்கு 6 மாதச் சிறையும் 500 பிராங்க் அபராதமும் விதிக்கப்பட்டது. குற்றச்சாட்டில் இரண்டு பகுதிகள் உண்டு: அரசின் மீது வெறுப்பையும் இகழ்ச்சியையும் தூண்டியது, மன்னரை அவமதித்தது. இரண்டாவது முகத்தைப் பற்றியது. முதலாவது பலகையைப் பற்றியது. வரலாறு எழுதுபவர்கள் பெரும்பாலும் அவமதிப்பையே பேசுகிறார்கள். அந்த முகத்தைக் கேலி செய்யும் படங்கள் அன்று நகரமெங்கும் கிடந்தன. பணம் நடந்துபோகும் வழியை ஒவ்வொரு திருப்பத்தோடும் காட்டிய படம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். வழக்கு தொடுத்தவர்கள் இதை நன்றாகவே படித்திருந்தார்கள் என்று நான் நம்புகிறேன்.

தண்டனை உடனே நிறைவேற்றப்படவில்லை. பயந்து அடங்குவார் என்று எதிர்பார்த்திருக்கலாம். அவர் அடங்காமல் மீண்டும் வரைந்தார். ஆகஸ்டு இறுதியில் பிடித்துக்கொண்டுபோய் சேன்த் பெலாஜி சிறையில் அடைத்தார்கள். தண்டனையின் பிற்பகுதி ஒரு மனநல மருத்துவ விடுதியில் கழிந்தது. 1833 தொடக்கத்தில் வெளியே வந்தார். கண்ணாடி பதிக்கும் தொழிலாளியின் மகன். சிறுவயதில் ஒரு நீதிமன்ற அமீனாவிடம் எடுபிடி வேலை பார்த்தவர். சட்டத்தின் கை யார் வீட்டுக் கதவை எப்படித் தட்டும் என்பது புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டதல்ல அவருக்கு.

முகத்தின் கதையையும் சொல்லிவிட வேண்டும். பிலிபோன் மீது 1831 நவம்பரில் வழக்கு நடந்தபோது, அவர் நீதிமன்றத்தில் நான்கு ஓவியங்களால் வாதிட்டார். முதலாவது மன்னரின் முகம். இரண்டாவதில் கன்னம் சற்றே தொங்குகிறது, மூன்றாவதில் இன்னும் கொஞ்சம், நான்காவது வெறும் பேரிக்காய். எந்த இடத்தில் குற்றம் தொடங்குகிறது என்று கேட்டார். முதலாவதைத் தண்டித்தால், அதைப்போலிருக்கும் இரண்டாவதையும் தண்டிக்க வேண்டும். கடைசியில் பேரிக்காயையே சிறையில் போட வேண்டும். அவருக்குச் சிறை கிடைத்தது. பேரிக்காயோ பாரிஸ் முழுக்கச் சுவர்களில் கரிக்கோடாக முளைத்தது. பிரெஞ்சுப் பேச்சுவழக்கில் அந்தச் சொல்லுக்கு ஏமாளி, மந்தபுத்தி என்ற பொருளும் உண்டு. வாதம் அழகானதுதான். ஆயினும் பேரிக்காய் ஒரு ஆளைக் கேலி செய்வதோடு நின்றுவிடும். சிரித்துவிட்டுப் போகலாம். பலகை அப்படிப் போகவிடாது. பார்ப்பவர், அதில் தன் காசு எந்தக் கூடையில் இருக்கிறது என்று தேட ஆரம்பித்துவிடுவார்.

சிறையிலிருந்து வந்த தோமியேயிடம் சிரிப்பு மெல்லக் குறைந்தது. அபராதங்களைக் கட்டுவதற்காகவே பிலிபோன் 1832இல் மாதச் சந்தா ஒன்றைத் தொடங்கியிருந்தார். மாதம் ஒரு பெரிய கல்லச்சுப் படம் சந்தாதாரருக்குப் போகும். அதன் 24ஆவது, கடைசிப் படம் தோமியேயுடையது. தலைப்பு: த்ரான்ஸ்நோநேன் தெரு, 1834 ஏப்ரல் 15.

அந்த ஏப்ரலில் லியோன் நெசவாளர்கள் இரண்டாம் முறை எழுந்தார்கள். பொறி பாரிஸுக்கும் பரவியது. 15ஆம் தேதி விடியற்காலை, த்ரான்ஸ்நோநேன் தெரு 12ஆம் எண் வீட்டிலிருந்து ஒரு ராணுவ அதிகாரி சுடப்பட்டதாகச் சொல்லிக்கொண்டு 35ஆம் காலாட்படையினர் உள்ளே நுழைந்தார்கள். மாடி மாடியாக ஏறினார்கள். குடியிருந்தவர்கள் 12 பேர் கொல்லப்பட்டார்கள். பின்னாளில் அமைச்சரான வழக்கறிஞர் லெத்ரு-ரொலேன் அன்றைய சாட்சியங்களைத் தொகுத்து வெளியிட்டார்.

தோமியேயின் படத்தில் ஒரே அறை. குலைந்த கட்டில்; சரிந்து கிடக்கும் விரிப்பு; கவிழ்ந்த நாற்காலி. கட்டிலில் சாய்ந்தபடி தரையில் ஒரு ஆண், இரவு உடையும் தொப்பியுமாக. கால்கள் வெறுமையாக வெளிச்சத்தில் நீண்டிருக்கின்றன. அவர் உடலின் கனத்தின் கீழே ஒரு குழந்தை, தலையில் காயத்தோடு. முதலில் பார்க்கும்போது அந்தக் குழந்தை கண்ணில் படுவதில்லை. வெள்ளைச் சட்டையின் ஓரத்தை மேய்ந்துகொண்டே வரும் கண், சட்டென்று சின்ன முகம் ஒன்றில் முட்டிக்கொள்கிறது. இடப்பக்க இருட்டில் ஒரு பெண்ணின் உடல். வலது ஓரத்தில் ஒரு முதியவரின் தலை. தரையில் ரத்தக் கறை. சிப்பாய் இல்லை, துப்பாக்கி இல்லை, அமைச்சர் இல்லை, மன்னரும் இல்லை. 

‘கர்கன்துவா’வில் எல்லாம் விளக்கப்பட்டிருந்தது. எது எங்கே போகிறது என்று விரல் வைத்துக் காட்டியது. இங்கே எந்த விளக்கமும் இல்லை. ஒரு முகவரி, ஒரு தேதி, அவ்வளவுதான். காவல் நிலையக் குறிப்பேட்டில் எழுத வேண்டிய இரண்டு தகவல்கள். அங்கே எழுதப்படாததால் கல்லில் எழுதப்பட்டவை. இதைச் சரியாகக் கேலிப்படம் என்று சொல்ல முடியாது, இது வரலாறு என்ற பொருளில் கவிஞர் போத்லேர் பிற்காலத்தில் எழுதினார். எனக்கு இரண்டு படங்களும் ஒன்றின் தொடர்ச்சி. முதற்படத்தில் பலகையின் அடியில் நின்றவர்களின் வீட்டுக்குள், இரண்டாம் படத்தில் நம்மை அழைத்துப் போகிறார்.

ஓபேர் கடை ஜன்னலின் முன் இதற்கும் கூட்டம் கூடியது. கையில் கிடைத்த படிகளைக் காவல்துறை பறிமுதல் செய்தது, கல்லையும் விடவில்லை.

1835 ஜூலை 28 அன்று ஃபியெஸ்கி என்பவன் 25 துப்பாக்கிக் குழல்களை ஒன்றாகப் பூட்டி, ஊர்வலத்தில் வந்த மன்னர்மீது வெடித்தான். லூயி பிலிப் தப்பினார்; 18 பேர் இறந்தார்கள். அந்த ரத்தம் காயுமுன் செப்டம்பர் 9ஆம் தேதிச் சட்டம் வந்தது. இனி எந்த ஓவியமும், செதுக்கோவியமும், கல்லச்சும் முன் அனுமதி பெறாமல் வெளிவரவோ விற்கப்படவோ கூடாது. சாசனம் தணிக்கை திரும்பாது என்றதே? அதற்கு அரசுத் தரப்பு ஒரு பதில் வைத்திருந்தது. சாசனம் காப்பது கருத்தை. எழுத்து, கருத்து. படமோ கண் வழியாகப் புகுந்து ஆளைக் கிளப்பிவிடும் ஒரு செயல். செயலுக்குச் சாசனத்தின் காப்பு கிடையாது.

இந்த வாதத்தைப் படிக்கும்போதெல்லாம் நம் மொழியில் புழங்கும் ஒரு சொல் என் நினைவுக்கு வருகிறது: கருத்துப்படம். கேலிச்சித்திரம் என்று ஒரு சொல் வைத்திருந்தும், பத்திரிகை அலுவலகங்களில் ‘கருத்துப்படம்’ என்றே கேட்டு வாங்குகிறோம். 1835இல் பிரான்ஸ் அரசு பிரித்து வைத்த இரண்டையும் தமிழ் ஒரே சொல்லில் சேர்த்து வைத்திருக்கிறது. என் சார்பும் அதுதான். பலகை ஒரு கருத்து. ஏழையின் காசு எந்த வழியாகப் பிரபுப் பட்டம் ஆகிறது என்பது ஒரு வாதம். அதற்கு முன்வைப்பும் உண்டு, சான்றும் உண்டு, முடிவும் உண்டு. மறுக்க முடிந்தவர்கள் இன்னொரு படத்தால் மறுத்திருக்கலாம்.

சட்டத்துக்குச் சற்று முன், ஆகஸ்டு இறுதியிலேயே ‘லா கரிகத்யூர்’ மூடப்பட்டது. தோமியே வேறு வழி பிடித்தார். மன்னரை விட்டுவிட்டு, பங்குச் சந்தைப் புரட்டர்களையும் வழக்கறிஞர்களையும் வீட்டு உரிமையாளர்களையும் ‘லெ ஷரிவரி’யில் வரைந்தார். ரொபேர் மக்கேர் என்ற நாடகக் கதாபாத்திரம் அவர் கையில் ஒரு காலத்தின் மோசடி முகமாகவே ஆகிவிட்டது. வாழ்நாளில் அவர் வரைந்த கல்லச்சுப் படங்கள் ஏறத்தாழ 4,000. 1848 பிப்ரவரியில் லூயி பிலிப் முடி துறந்து இங்கிலாந்துக்கு ஓடினார். த்ரான்ஸ்நோநேன் தெரு 1851இல் போபூர் தெருவோடு இணைக்கப்பட்டுப் பெயரை இழந்தது.

தோமியே முதுமையில் பார்வை மங்கி, வல்மொந்துவா கிராமத்தில் ஓவிய நண்பர் கொரோ கொடுத்துதவிய வீட்டில் வாழ்ந்து, 1879 பிப்ரவரி 10 அன்று இறந்தார். இரண்டே ஆண்டுகள் கழித்து, 1881 ஜூலை 29 அன்று பிரான்ஸ் பத்திரிகைச் சுதந்திரச் சட்டத்தை இயற்றியது. படங்களுக்கான முன் அனுமதி ஒழிந்தது. அச்சட்டம் காலனிகளுக்கும் பொருந்தும் என்று அதிலேயே எழுதியிருந்தது. பாரதி 1908இல் ‘இந்தியா’ இதழைச் சென்னையிலிருந்து பிரெஞ்சுக் காலனியான புதுச்சேரிக்குக் கொண்டுபோனபோது கருத்துப்படங்களும் கூடவே போயின. ஆ. இரா. வேங்கடாசலபதி தொகுத்த ‘பாரதியின் கருத்துப்படங்கள்’ நூலில் அவற்றைப் பார்க்கலாம். எல்லைக்கு இந்தப் பக்கம் பிரிட்டிஷ் அரசு அந்த இதழ் நுழையாமல் தடுத்தது. அந்தப் பக்கம் சில காலம் அச்சு ஓடியது.

‘கர்கன்துவா’வின் படிகள் இன்று அரிது. கல் அழிந்தது, கடையில் இருந்தவை அழிந்தன. அச்சிட்ட எதையும் அரசிடம் முன்கூட்டியே ஒப்படைத்துப் பதிவு செய்ய வேண்டும் என்பது அன்றைய விதி. இந்தப் படமும் 1831 டிசம்பர் நடுவில் அப்படி ஒப்படைக்கப்பட்டது. பாரிஸில் உள்ள பிரெஞ்சு தேசிய நூலகத்தில் அதைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். இணையத்தில் தேடினால் கிடைக்கும். பெரிதாக்கி, வலப்பக்கக் கீழ் மூலையிலிருந்து பார்க்கத் தொடங்குங்கள்.